முப்பத்தொன்றுக்கு மறுநாள்

தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பட்டப்பெயர். எத்தனை பெட்டி, எத்தனை அட்டை என்று வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். அந்தப் புலிதான் அன்று மாலை ஐந்து மணிக்கு லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் திகைத்தது. மருந்துக்கடைக்காரரிடமிருந்து பதினோரு அழைப்புகள்!

திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஒரு மணியிலேருந்து கூப்பிடுறேன் தங்கச்சி! என் பையனை விட வந்தா உன் வீடு பூட்டிக் கிடக்கு. அந்த அக்காவும் இல்ல, உன் பாப்பாவும் இல்ல. இவனைக் கடைக்கே தூக்கிட்டு வந்துட்டேன்."

அவள் பின்பக்க கேட் வழியாக ஓடினாள். வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி.

ஏற்பாடு இதுதான். அவளுக்குப் பகல் ஒன்று முதல் ஐந்து வரை வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவான். தனக்கென்று ஓர் ஆயா வைத்தால் சம்பளம் மொத்தமும் அங்கேயே போய்விடும். அதனால் மூன்று வாரத்துக்கு முன் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடைக்காரரோடு சேர்ந்து பிள்ளைகளைப் பார்க்க ஒரே அக்காவை வைத்துக்கொண்டாள். ஒற்றைப்படைத் தேதியில் இரண்டு பிள்ளைகளும் இவள் வீட்டில், இரட்டைப்படையில் அவர் வீட்டில். இந்தத் திட்டத்தைப் போட்டவளும் இவள்தான். "தினமும் யாரையும் கேக்கவே வேணாம் பாருங்க" என்று எவ்வளவு பெருமை!

இரட்டைப்படை நாளில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்புவாள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி கொடுக்கவில்லை. முன்பின் தெரியாதவளிடம் சாவியா?

சாவியைக் கொடுக்காத மகராசி, பிள்ளையைக் கொடுத்தாளே! ஓடும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அக்காவின் வீடு எங்கே? தெரியாது. முழுப்பெயர்? தெரியாது. குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்ததும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. வழியெல்லாம் அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

படியேறும்போது அந்த மணி அவள் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டது. கதவைத் திறந்தாள். அடுப்படி மேடையில் சார்ஜரில் மாட்டியபடி அக்காவின் போன். குழந்தையின் செருப்பு இல்லை. பால் புட்டியும் இல்லை. வேண்டுமென்றே போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், கண்டுபிடிக்கக் கூடாதென்று!  மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு அலறினாள்.

"அவ புள்ள திருடி அண்ணே! என் புள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா!"

"அழாத, கடையைச் சாத்திட்டு வரேன். போலீசுக்குப் போவோம்."

மீண்டும் தெருவில் இறங்கினாள். போன் அடித்தது. தொழிற்சாலை வாட்ச்மேன்.

"எங்கம்மா போனே? உன் குழந்தையோட ஒரு அம்மா முன் கேட்ல நிக்குது."

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டருகே, வெயிலில் கறுத்த முகத்தோடு அக்கா நின்றிருந்தாள். அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, பிஞ்சு விரல்கள் அவள் சட்டைக் கழுத்தைப் பற்றியிருந்தன.

"மூணு மணி நேரமா நிக்குது. வேலை நேரத்துல ஆளைக் கூப்பிட முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றான் வாட்ச்மேன்.

"நேத்து நம்ம வீடும்மா, அதான் இன்னிக்கு அண்ணன் வீடுன்னு போயிட்டேன்" என்றாள் அக்கா. உதடு உலர்ந்திருந்தது. "பூட்டியிருந்துச்சு. திரும்பி வந்தா உள்ள போகச் சாவியில்ல. போனும் உள்ள மாட்டிக்கிச்சு. அண்ணன் கடை எங்கேன்னும் தெரியல."

நேற்று முப்பத்தொன்று. இன்று ஒன்று. இரண்டும் ஒற்றைப்படை! கணக்குப்புலிக்கு இந்தக் கணக்கு மட்டும் தோன்றவே இல்லை.

"வழியில நாலு பேரு யாரு புள்ளைன்னு கேட்டாங்க. என் புள்ளைன்னுட்டேன், தப்பா நினைக்காதீங்க. இல்லேன்னா என்னைப் பிடிச்சு வெச்சிருப்பாங்கம்மா. உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அக்கா..." என்று தொடங்கினாள். அதற்குள் போன் அடித்தது. அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"எங்க தங்கச்சி இருக்க? அந்தப் புள்ள திருடி கிடைச்சாளா?"

வாட்ச்மேன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் அவசரமாக அழைப்பைத் துண்டித்தாள்.  அக்கா தன் சட்டையைப் பற்றியிருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விடுவித்து, அதைத் தாயின் கையில் கொடுத்தாள்.

"பால் குடிச்சு நேரமாச்சு, போனதும் குடுங்க" என்றாள். "நானும் கூட வரேன். உள்ள வரல, வாசல்லயே நிக்கிறேன். என் போனை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."