மோஹாக்கில் இறைத்த பனி

1991 ஜனவரி 9, புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, மோஹாக் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ரெய்னோ கின்னுனென் இறைத்த பனி கீழே விழவில்லை. அறுபது கார்கள் நிற்கும் இடம் அது. லாரியில் தகடு கட்டித் தள்ளினால் ஓரங்களில் பனி குவிந்து, பிப்ரவரிக்குள் இருபது கார்களுக்குத்தான் இடம் மிஞ்சும். அதனால் ரெய்னோ பதினாறு ஆண்டுகளாக, பின்னால் நடந்தே ஓட்டும் இயந்திரத்தால் வரிவரியாகப் பனியை வாரி, அதன் குழாய் வழியாகக் குவியலுக்கு அப்பால் இறைத்து வந்தார். அன்று கிளம்பிய பனி கோபுர உயரத்துக்கு ஏறி, தென்மேற்காகத் திரும்பிப் போய்விட்டது. அவர் குழாயைக் கிழக்கே திருப்பினார். பனி கிழக்கே கிளம்பி, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு தென்மேற்கே போனது. இயந்திரத்தில் பனியை வாரும் திருகில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. எண்ணெய் சரியாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இடம் சுத்தமானது. குவியல் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. போதகர் வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் எல்லோருக்கும் இடம் இருக்கும் என்றார்.

அதே காலை, முப்பத்தைந்து மைல் தள்ளி டோய்வோலாவில், ரெய்னோவின் தம்பி சூலோவின் வாசலில் எட்டடிப் பனி கிடந்தது. இரு பக்கத்து வீடுகளிலும் இரண்டு அங்குலம்தான். சூலோவின் மனைவி எல்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் ஹான்காக் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அன்று போக முடியவில்லை. வெள்ளிக்கிழமையும் எட்டடி. சூலோ தன் சின்ன இயந்திரத்தால் நாலு மணி நேரம் வாரி வழி செய்து, மதியம் அழைத்துப் போனபோது, எல்மாவின் கால் வீங்கிக் காலணிக்குள் நுழையவில்லை. இன்னொரு நாள் தவறினால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொன்னார்.

அந்தப் பனியில் கரிய மணல் இருந்தது. டோய்வோலா சாலைகளில் வழுக்காமலிருக்கப் போடுவது மஞ்சள் மணல். தாமிரச் சுரங்கக் கழிவை அரைத்த கரிய மணலை மோஹாக் பக்கம்தான் போடுவார்கள். சூலோ அதை உள்ளங்கையில் அள்ளி, உள்ளே எல்மாவிடம் கொண்டுபோனார். 1982 வரை அண்ணன் தம்பி இருவரும் மோஹாக்கில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே பாதையைப் பகிர்ந்து இருந்தவர்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ரெய்னோ இறைத்த பனி சூலோவின் பக்கமே விழுந்தது. கேட்டதற்கு, காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்று பதில் வந்தது. ஏப்ரலில் சூலோ வீட்டை விற்றுவிட்டுப் போனார். அதன் பிறகு பேச்சில்லை.

எல்மா மணலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கண்ணன் ஒம்பது வருஷமா ஒரு கடுதாசி போடல. இப்ப மொத்தமா சேத்துப் போட்டிருக்காரு."

திங்களன்று சூலோ காவலர் ட்ரெவாரோவைக் கூப்பிட்டார். ட்ரெவாரோ மோஹாக்கிலிருந்த சக காவலரோடு வயர்லெஸ்ஸில் பேசி நேரம் பார்த்தார்: அங்கே கிளம்பும் பனி இங்கே விழ நாலு நிமிடம். அடுத்தவர் இடத்தில் பனி போடுவது குற்றம்தான்.

"ஆனா இவ்வளவு தூரத்துலேருந்து போட்டா என்ன எழுதுறதுன்னு தெரியலையே. ஃபாரத்துல, வேலிக்கு எத்தனை அடின்னுதான் கேக்குறான்" என்றார் ட்ரெவாரோ. பிறகு எல்மாவைப் போர்வையில் சுற்றி, பனியில் ஓடும் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாளிலிருந்து ஒரு மாதம் தனக்கு வேறு ஊரில் வேலை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

கோபத்தில் சூலோ குழாயை வடகிழக்கே திருப்பி இறைத்தார். அதுவும் கீழே விழவில்லை. நாலு நிமிடம் கழித்து, ரெய்னோ சுத்தம் செய்து முடித்திருந்த இடத்தில் டோய்வோலாவின் பைன் ஊசிகளோடு வந்து விழுந்தது. ரெய்னோ அதைத் திரும்ப இறைத்தார். அன்று மட்டும் ஒரே பனி ஏழு தடவை போய்வந்தது. ஏழாவது தடவை சூலோவின் இயந்திரத்தில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் உள்ளே வந்து தொலைபேசியை எடுத்தார்.

"சூலோ பேசறேன்."

"தெரியுது. என் தேவாலயத்துல பைன் ஊசி கெடக்கு."

"என் வாசல்ல உன் பனி கெடக்கு."

"எவ்வளவு?"

"எட்டடி."

"காத்து அப்படி..."

"காத்தப் பத்தி இன்னொரு வார்த்தை பேசுனே, நேர்ல வந்துடுவேன்."

எல்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "மச்சான், புதன்கெழமை எட்டு மணிக்கு நான் கெளம்பணும். இல்லன்னா உங்க தேவாலய எடத்தைச் சுத்தம் பண்ணி வையுங்க, என்னைத் தூக்கிட்டு அங்கதான் வருவாங்க."

 ரெய்னோ, இருவரும் ஒரே நேரத்தில் இறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

புதன்கிழமை சரியாக ஆறு மணிக்கு இருவரும் தொடங்கினார்கள். இரு பனியும் வழியில் மோதி, ஹான்காக்கில் ஒரு மீன்கடை முன் கொட்டின. கடைக்காரர் இரண்டு ஊருக்கும் தொலைபேசியில் திட்டினார். வெள்ளிக்கிழமை ரெய்னோ இருபது விநாடி முன்னதாகத் தொடங்கினார். பனி ஊரைத் தாண்டி, தெற்கே உறைந்து கிடந்த கால்வாயின் மேல் விழுந்தது. சூலோவின் வாசல் அரை மணியில் முடிந்துவிடும். அண்ணன் அங்கே ஒன்றரை மணி நேரம் இறைப்பார். எதிரில் மோதப் பனி வேண்டுமே என்று சூலோ பெரிய இயந்திரம் ஒன்று வாங்கி, பள்ளிக்கூடத்தின் நிறுத்துமிடத்தையும் கூட்டுறவுக் கடையின் நிறுத்துமிடத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்தார். டோய்வோலாவில் யாரும் காரணம் கேட்கவில்லை. ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். கால்வாயில் அந்த இடத்தில் மீன்பிடிக் குடிசை போடக்கூடாது என்று நகராட்சி பலகை நட்டது. பனி பெய்த நாள்களில் ஐந்தே முக்காலுக்கு ரெய்னோ தொலைபேசியில் கூப்பிடுவார். கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள், பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவது ஆண்டில் காற்றைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த பன்னிரண்டு குளிர்காலங்களில் எல்மா ஒரு முறைகூட டயாலிசிஸைத் தவறவிடவில்லை. 2003 ஆகஸ்டில், எழுபத்தோராவது வயதில், தூக்கத்தில் இறந்தார். டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை அந்த ஆண்டின் முதல் பனி பெய்தது. ஐந்தே முக்காலுக்கு டோய்வோலாவில் தொலைபேசி அடித்தது. ஆறு மணிக்கு இருவரும் இறைத்தார்கள். கால்வாய் இன்னும் உறைந்திருக்கவில்லை. பனி தண்ணீரில் விழுந்து கரைந்தது.