பச்சை பூசிய தெரு

வைகுண்டராஜ் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்துக்கு மாஸ்டர் பிளான் போட்ட நகரமைப்பு அதிகாரி அவர். பஞ்சுக்கிடங்குத் தெருவின் முனை வரைக்கும் போனார். ஒரே சேறு, செருப்பு புதுசு. ஆபீசுக்குத் திரும்பி, விவசாய நிலம் என்று படத்தில் பச்சை பூசினார். அறுபத்தோரு வீடுகள் பச்சைக்கு அடியில் போயின.

ரிட்டயர் ஆனதும் எலெக்‌ஷனில் நின்றார். அதே தெருவுக்கு மூன்று தடவை நடந்தே போய் ஓட்டுக் கேட்டு, எம்.எல்.ஏ. ஆனார். தன் தப்பு அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படத்தைத் திருத்த வேண்டுமானால், தான் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்து மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

இப்போது புறவழிச்சாலை அந்தப் பச்சை வழியாக வருகிறது. காலி நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று அத்தனை வீட்டுக்கும் நோட்டீஸ். அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கிய மாரிசெல்விதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அதை எதிர்த்து வழக்கு நடத்தும் வக்கீல். வாக்குமூலத்தை டைப் அடித்துக்கொண்டு வைகுண்டராஜ் வீட்டுக்கு வந்தாள்.

"படம் போடும்போதே தெரு இருந்துச்சு, நான் பாக்கல. இம்புட்டுத்தான் சார். கையெழுத்துப் போடுங்க."

"உக்காரும்மா. காப்பி சாப்பிடு."

"காப்பிக்கு வரல."

"பதினஞ்சாம் தேதி இன்ஜினியர் சங்கத்துல எனக்கு வாழ்நாள் சாதனை விருது குடுக்காவ. அது முடியட்டும். பொறவு நானே கோர்ட்டுக்கு வாரேன்."

"கேஸ் பதினாலாம் தேதி."

"வாய்தா வாங்கு. வக்கீல்தான நீ?"

"மூணு வாங்கியாச்சு. இனி தரமாட்டாவ. உங்க சாதனையில எங்க தெருவும் ஒண்ணு சார். மேடையில அதையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்க."

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினான்காம் தேதி அவர் சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்தார். பதினைந்தாம் தேதி பொன்னாடை. கடைசி வீட்டையும் கணக்கில் வைத்துத் திட்டமிட்டவர் என்று ஒருவர் பேச, எல்லாரும் கைதட்டினார்கள்.

பதினாறாம் தேதி கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மாரிசெல்வி கோர்ட்டு வராந்தாவில் நின்றாள்.

"முந்தாநாளே தீர்ப்பாயிருச்சு. திங்கக்கிழமை இடிக்காவ."

"மேல்கோர்ட்டுக்கு..."

"போவோம். இத நஷ்டஈடு கேக்க வச்சுக்கிடுதேன். வீடு நிக்காது." அவள் காகிதத்தைப் படித்துப் பார்த்தாள். "தேதி போடல."

அவர் பதினாறு என்று எழுதினார்.

அங்கிருந்து நேரே பஞ்சுக்கிடங்குத் தெருவுக்குப் போனார். கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வியின் அம்மா இருளம்மாள் லோடு ஆட்டோவில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல நிக்கியளே, உக்காருங்கய்யா," என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

முழங்கால் வலித்தது. உட்கார்ந்தார். கட்டில் போனது, பீரோ போனது, சாமி படங்கள் போயின.

"எல்லாம் ஏத்தியாச்சாக்கா?" என்றான் டிரைவர்.

"செத்த பொறு," என்றாள் இருளம்மாள். "ஐயா எந்திரிக்கட்டும்."