பிணமில்லாத ஒப்பாரி

புருஷன் சீனியின் நெஞ்சில் செல்லாயி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஐயாவு வந்து வாசலில் நின்றான். அவளுக்குத் தம்பி முறை. யூனியன் வேலைக்கு ஓடியாடுகிறவன். ரப்பர் தோட்டத்தை ஈப்போ முதலாளி ஒருவர் வாங்கிவிட்டார். தீபாவளிக்குள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்ய வேண்டும், மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. கூட்டம் போட்டுக் கேட்கலாமென்றால் போலீஸ் பெர்மிட் கொடுக்கவில்லை.

"கூட்டம் போட்டா போலீசு மாத்தா புடிச்சிருவான்க்கா. ஒப்பாரிக்கு யாரு பெர்மிட் கேப்பா? காலையில ஆபீஸ் முன்னால நீ எடுத்துக் குடு, பொம்பளைங்க எல்லாம் சேந்துக்குவாங்க."

"யாரு செத்துட்டான்னு நான் பாட?"

"தோட்டந்தான் செத்துப்போச்சே."

செல்லாயி மறுபடி தைலத்தில் விரலைத் தொட்டாள். இழவு வீட்டில் ஒப்பாரி பாடத் தைப்பிங்கிலிருந்துகூட லாரி வைத்து அவளை அழைத்துப்போவார்கள். அவள் எடுத்தால் பங்காளிப் பகையில் முறைத்துக்கொண்டு நின்றவனும் உட்கார்ந்து அழுவான். ஆனால் சாவு விழாத இடத்தில் ஒரு வரி பாடமாட்டாள். புதிய வரிகளைக்கூட, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் நேரத்தில், உதடு பிரியாமல் மனசுக்குள்ளேயே கட்டிக்கொள்வாள். இழவில்லாமல் ஒப்பாரி எடுத்தால் பாடினவள் வீட்டில் இழவு விழும் என்பது அவள் ஆத்தாள் சொன்னது. சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதுவும் பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்ட மனுஷன் மூச்சு வாங்கிக் கிடக்கும் வீட்டில். ஊருக்கெல்லாம் அழுத வாய் இவருக்கு மட்டும் அழக்கூடாது என்று முனியாண்டியிடம் தினமும் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

ஐயாவு போனபிறகு சீனி மெல்லச் சொன்னான்.

"போயிப் பாடு புள்ள."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"எப்படியும் எனக்கு ஒரு நா பாடத்தான போற. நல்லா பாடுனியான்னு நான் கேக்க வேணாமா? ஊரெல்லாம் கேட்டுச்சு, கட்டுனவனுக்குத்தான் குடுத்து வைக்கல லா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "நான் பாடி ஒங்களுக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா?"

"ஆகலன்னாலும் தீபாவளிக்கு அப்புறம் என்னைய எங்க கொண்டுபோயி படுக்க வைப்ப?"

அவள் காலையில் கட்டிக்கொள்ளச் சேலையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஆபீஸ் முன்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் கைபோட்டுக்கொண்டார்கள். செல்லாயிக்கு எதிரே இருந்த குழந்தையம்மாள் கோயில் பாட்டைத் தவிர வேறு பாடாதவள். அவளே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். இதற்குமேல் எப்படி வாயை மூடியிருப்பது?

"பால்வாளி தூக்கினமே பனிபெய்யும் நேரத்துல
பாலூத்தும் மரத்தயெல்லாம் புள்ளையின்னு பாத்தமே
வேரூன்னி நின்னவள வெளியேறிப் போன்னாக
நான்போனா ஒனக்காரு நாதியத்த என் மரமே"

முதல் வரிதான் கடினமாக இருந்தது. பிறகு தானாக வந்தது. பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஈற்றடியைத் திருப்பிப் பாட, ஆண்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி டெலிபோனுக்கு ஓடினார்.

போலீஸ் லேண்ட்ரோவர் வந்தபோது பாட்டு நின்றது. இறங்கிய மலாய்க்கார சார்ஜன்ட் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சியாப்பா மத்தி?" என்று கேட்டார். யார் செத்தது? இதை ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் பெயரை வாயால் எப்படிச் சொல்வது, பலித்துவிட்டால்? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயாவுவைத்தான் காணோம்.

அப்போது இருமல் சத்தம் கேட்டது. ஐயாவுவின் தோளைப் பிடித்தபடி சீனி நின்று நின்று வந்துகொண்டிருந்தான். கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். சார்ஜன்டின் முன்னால் வந்து மூச்சை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டான்.

"சாயா, துவான்."

நான்தான் ஐயா என்றான். செல்லாயிக்கு உயிர் போய் வந்தது. சார்ஜன்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். கலைந்து போகச் சொல்லப்போகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. சீனி அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. பெண்களின் நடுவே புகுந்து அவளருகில் மண்ணில் உட்கார்ந்தான்.

"ம், பாடு," என்றான்.

செல்லாயி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி மெதுவாக, விட்டுவிட்டு அடித்தது. அது ஒவ்வொரு முறையும் அடிக்கும்வரை காத்திருந்து, அதன்மேல் ஒவ்வொரு சொல்லாக வைத்து அடுத்த வரியை எடுத்தாள். சுற்றியிருந்த பெண்களும் நெஞ்சில் அடிக்கும் கையை அந்த நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள்.