தொலைவில் இருப்பவனின் சோறு

கமெகிச்சி கரும்புத் தோட்டத்தை விட்டு ஓடிப்போன மறுவாரம் முதல், அவன் மனைவி இஷினோ அவனுக்கென்று வைத்த சோறு நாள்தோறும் தீர்ந்தது. அந்த லயத்து அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஜப்பானின் ஹிரோஷிமாவிலிருந்து கூலி வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பயணம் போனவன் பசியறியாமலிருக்க அவன் உட்காரும் இடத்தில் ஒரு தட்டில் கிண்ணச் சோறு வைப்பார்கள். ஆறியபின் வைத்தவளே சாப்பிடுவாள். இந்த ஹவாய்த் தீவிலும் வழக்கம் அதுதான். இஷினோ வைத்தது மட்டும் காலியானது. அவனுக்குப் பிடிக்காத முள்ளங்கி ஊறுகாய் மட்டும் தொடாமல் கிடந்ததால், தின்றவன் கமெகிச்சிதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

காய்ச்சலில் கிடந்தவனைக் கங்காணி சவுக்கால் எழுப்பியதால்தான் அவன் மலைப்பக்கம் போனான். ஒப்பந்தம் முடியுமுன் ஓடியவனுக்குச் சிறை. சோறு தீரும் செய்தி கங்காணியை எட்டியது. புருஷனை ஒளித்துவைத்திருக்கிறாள் என்று, கரும்புச் சோகை உரிக்கும் வரிசையிலிருந்து அவளை இழுத்து முதுகில் அடித்தான். மறுநாளும் கிண்ணம் காலி, மறுநாளும் அடி.

பக்கத்து அறை ஹருயோ எண்ணெய் தடவிவிட்டாள். “அடியே, சோத்துல சாப்பிடுற குச்சிய நட்டு வச்சிரு. கங்காணியோட துபாஷி நம்மாளுதானே, பாத்ததும் செத்துட்டான்னு சொல்லிடுவான்.”

“செத்தவங்களுக்குத்தானேக்கா நட்டு வைப்பாங்க?”

“பின்ன, கங்காணிக்கா வைப்பாங்க? சும்மா வேஷத்துக்குடி.”

“வேஷம்னு அவருக்கு எப்படிக்கா தெரியும்? நாம செத்துட்டோம்போலன்னு நெனச்சுட்டாருன்னா?”

“நெனைக்கிற அளவுக்கு உன் புருஷனுக்கு ஏதுடி மூளை?”

இஷினோ சிரித்தாள், முதுகு வலித்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் குச்சிகளைச் சோற்றுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தாள். அவன் இறந்துவிட்டால் தனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும் என்ற எண்ணம் சவுக்கைவிட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது. குச்சிகளைப் படுக்கவைத்தாள்.

கங்காணி அடித்துச் சலித்தான், வேறொருவன் வந்தான். ஒப்பந்தங்கள் ஒழிந்தன. ஹருயோ ஊருக்குக் கப்பலேறும்போது கூப்பிட்டும் இஷினோ போகவில்லை. தட்டு இடம் மாறினால் அவனுக்கு வழி தெரியாது. எந்த மலையில், யாரோடு இருக்கிறான் என்பதைச் சோறு சொல்லவில்லை. தன் நினைவாக ஒரு பருக்கையாவது மிச்சம் வைக்கக்கூடாதா என்று சில வருடங்கள் கோபமாக இருந்தாள்.

தலை நரைத்தபின் ஒரு மாலை பாதிச் சோறு மிஞ்சியிருந்தது. விளக்கை அருகே கொண்டுவந்து பார்த்தாள். குழைந்த பருக்கைகள் தின்னப்பட்டிருந்தன. விறைத்தவை அப்படியே கிடந்தன.

“பல்லு போயிடுச்சா?” என்றாள் காலி இடத்தைப் பார்த்து.

மறுநாள் தண்ணீர் அதிகம் ஊற்றிக் கஞ்சியாக வைத்தாள். கிண்ணம் வழித்துவிட்டதுபோல் இருந்தது. அன்றுமுதல் அந்த அறையில் கஞ்சிதான்; இஷினோவுக்கும் பல் ஆடத் தொடங்கியிருந்தது.