கன்றிய கை

நான்கு பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்திருக்க, உண்ணாமலையின் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த திரௌபதி சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? உடம்பெல்லாம் ரத்தம் கட்டிக் கீது?"

இறந்தவளின் அண்ணி அவள். உண்ணாமலையின் வயிற்றில் சவுக்கடி போல ஊதாக் கோடுகள். கைகால்களில் நீலத் திட்டுகள். மகள் சிந்துஜா வாய் திறப்பதற்குள் சேதி பந்தலுக்குப் போய்விட்டது. சாவு வீட்டில் வாய்க்கு ஏது பூட்டு?

கீழ்பென்னாத்தூரிலிருந்து கோடிப் புடவையோடு வந்திருந்த உண்ணாமலையின் அண்ணன் இருசப்பன் எழுந்தார்.

"மாரடைப்புன்னு சொல்லிட்டு, அடிச்சே கொன்னுட்டானா? போலீஸ் வரட்டும். கோடி போடமாட்டேன். பொணத்த எடுக்க வுடமாட்டேன்."

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பாடை நகராது. சிந்துஜாவின் அப்பா கோதண்டராமன் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். கை ஓங்கி அறியாத மனுஷர். அவரை ஜீப்பில் ஏற்றிவிடுவார்களோ என்று சிந்துஜா பயந்தாள். பந்தலுக்கு ஓடினாள்.

"மாமா, அப்பா அடிக்கல. அம்மாவுக்கு கிட்னிக்கு மேல கட்டி. அதனால கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஜாஸ்தியா சுரக்குது. மூஞ்சி ஊதும், பசி அடங்காது, வயிறு பெருக்கும், தோல் மெலிசாயி ஊதாக் கோடு விழும். தொட்டாலே கன்னிப்போவும். போன வாரந்தான் வேலூர்ல கண்டுபுடிச்சாங்க. வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள மாரடைப்பு வந்துடுச்சு."

"தொட்டா கன்னுமா? யாருகிட்ட கத வுடற?"

"ஆடில அம்மா உங்க ஊருக்கு வந்தப்ப பஸ்ஸுலேர்ந்து கை புடிச்சு எறக்குனீங்களே மாமா. 'டவுன் சோறு ஒடம்புல ஒட்டிக்கிச்சு'ன்னு சிரிச்சீங்களே. நீங்க புடிச்ச எடம் பத்து நாள் நீலமா இருந்துச்சு. அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு நொந்துடும்னு அம்மா உங்ககிட்ட காட்டவே இல்ல."

இருசப்பன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு கோடிப் புடவையை சிந்துஜாவிடம் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்பா தப்பித்தார். மறைப்புக்குள் திரும்பி சிந்துஜா கோடியை விரித்தாள்.

அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே நான்கு விரல்களின் தடம் நீலமாய்க் கிடந்தது. வேலூருக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு, அம்மா மறுபடி சோற்றுக் குண்டானுக்குக் கை நீட்டியபோது, "இன்னும் எவ்ளோதான் தின்னுவ?" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தது சிந்துஜாதான். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கோடியின் முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடினாள்.

"கை வெளிய இருக்கட்டும்மா," என்றாள் திரௌபதி. "வளையல் போடணும்."

சிந்துஜா முந்தானை மேலிருந்து தன் கையை எடுக்கவில்லை.