கழிமுகத்தில் மாட்டிய கெண்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்ததெல்லாம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காருக்குள் ஐந்து பேர் வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருந்தோம். ஒருவர் பேசினால் இன்னொருவர் அழுதுவிடுவார், இல்லை சிரித்துவிடுவார் என்ற நிலை. என் மனைவி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, காதோடு காதாக, "இதைக் கதையாக்கலாம்னு யோசிக்கிறீங்க, இல்ல?" என்றாள். "சேச்சே" என்றேன். திங்கட்கிழமை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். படித்துப் பார்த்து அவள் சொல்வதையும் கதைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். ஆகவே சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் குரல். [எதையும் வெட்டக் கூடாதுன்னும் சொன்னேன். அதை விட்டுட்டார்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நதி கடலைச் சேரும் இடத்தில் நதிக்குத் தன் பெயர் மறந்துபோகிறது." [நதிக்கு மறதி வியாதின்னு யார் சொன்னா உங்களுக்கு?] அடித்துவிட்டேன்.

பிறகு: "தூண்டிலின் ஒரு முனையில் மீன், மறுமுனையில் மனிதன். நடுவே..." நடுவே தூண்டில் நரம்புதான் இருக்கும், வேறென்ன இருக்கும்? அதையும் அடித்தேன்.

மூன்றாவது: "மாமாவுக்கு மீன் மாட்டவில்லை."

இது நிற்கும்.

2

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தேர்வு அறையில் காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில் பேர் போனவர். உள்ளே வருகிற பையனின் நடையை வைத்தே எந்தச் சட்டைக்கையில் துண்டுச்சீட்டு இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தக் காரியத்தைச் செய்தோம். புத்தி எங்கே புல் மேயப் போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

அத்தை, அவர் மனைவி. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேர் அலறுவதைப் பார்த்தவர் என்பதால் எதற்கும் பதறமாட்டார்.

மச்சினன், என் மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். பொறுப்பு என்று வந்தால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று முதல் பிரதியில் இவனைத்தான் வைத்தேன். இரண்டு பத்தி கெட்டவனாக இருந்தான். மூன்றாவது பத்தியில் அப்பாவின் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை வில்லனாக வைத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். புழுவைத் தொடப் பயம். [சேர்த்துக்கோங்க: மீனைத் தொடவும் பயம்.]

இந்தக் குடும்பத்தில் மாதத்துக்கு ஒரு வார இறுதி மீனுக்கு என்று நேர்ந்துவிடப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை ஏரி. ஞாயிற்றுக்கிழமை, அந்த ஏரித் தண்ணீரே ஆறாக ஓடிக் கடலில் கலக்கிற கழிமுகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாடகை வீட்டில் தங்கல். மழையோ காய்ச்சலோ, இது மாறியதில்லை.

3

போன வருடம் ஒருநாள் காலையில் மாமாவின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. மருந்து, பயிற்சி என்று அலைந்து கையை மீட்டுக்கொண்டு வந்தோம். இப்போது கேட்கிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. தூண்டிலுக்கு அந்தத் தாமதம் ஆகாது. தக்கை முங்குவதைக் கண் பார்த்து, மூளை உத்தரவு போட்டு, கை அதை வாங்கிக்கொண்டு சுண்டுவதற்குள் மீன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஏரியில் எல்லோருக்கும் மாட்டியது. மச்சினனுக்கு முழங்கை நீளத்தில் ஒரு கெண்டை. எனக்கே ஒன்று மாட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா மட்டும் வெறும் முள்ளை இழுத்து, புழுவைக் கோத்து, மறுபடி வீசி, மறுபடி வெறும் முள்ளை இழுத்தார். ஒவ்வொரு முறையும் "அடடா" என்றார். சாயங்காலம் அந்த "அடடா"வும் நின்றுவிட்டது.

[இந்த இடத்துல சூரியன் மறையுறதைப் பத்தி ஒரு பக்கம் இருந்துச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன்.]

வாடகை வீட்டுக்கு வந்து தூண்டில் கழியைத் துடைத்துப் பையில் போட்டார். எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கும் ஒண்ணும் மாட்டலைன்னா இதை யாருக்காவது குடுத்துடலாம். போதும்."

4

அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காதிருக்க.

"மாப்பிள்ளை, அவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? சும்மா சொல்றார்னு நினைக்காதீங்க. முதல்ல சைக்கிளை விட்டார். அப்புறம் பேப்பர்ல வர்ற புதிரை விட்டார். சாயங்கால நடையை விட்டார். எதையும் மறுபடி எடுக்கவே இல்ல. இதையும் விட்டுட்டா, அப்புறம் விடறதுக்கு என்னைத் தவிர வேற ஒண்ணும் மிச்சமில்ல."

எதற்கும் பதறாதவர் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டும். குழாயை மூடப் போய், எதிர்ப்பக்கம் திருகி எங்கள் இருவர் மேலும் தண்ணீரைத் தெறிக்க விட்டார். இப்படி ஒரு நேரத்தில் மருமகன் என்ன சொல்வான்? "பாத்துக்கலாம் அத்தை" என்றேன். என்னத்தைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவன்தான் பார்த்தான், மச்சினன். சமைப்பதற்காக வைத்திருந்த கெண்டை பக்கெட்டில் இன்னும் உயிரோடு இருந்தது. வண்டியிலிருந்து ஒரு குட்டி பம்ப்பை எடுத்து வந்து தண்ணீருக்குள் காற்று விட்டான்.

"நாளைக்கு அப்பா அந்தப் பக்கம் திரும்பும்போது இதை அவர் முள்ளுல கோத்து விட்டுடலாம். இழுத்தா வரப்போவுது. அவ்ளோதானே?"

"யார் கோக்கறது?" என்றேன்.

அத்தை, மச்சினன், இதற்குள் சமையலறைக்கு வந்துவிட்ட என் மனைவி, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

(வாசகரே, உங்களுக்கு இப்போதே ஏதோ இடித்திருக்கும். எங்களுக்கு இடிக்கவில்லை. மீனுக்குக் காற்று போதுமா, மூடி போட்டால் குதிக்காதா, ஈரத்துணி போர்த்தலாமா என்றெல்லாம் நால்வரும் கூடிக் கூடிப் பேசினோம். அது எந்தத் தண்ணீர் மீன் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. மச்சினனிடம் இன்று கேட்டாலும், "மீன் மீன்தானே அத்தான்" என்கிறான்.)

5

ஞாயிறு காலை. கழிமுகத்தில் மரப்பலகை போட்ட ஒரு சிறு படகுத்துறை. மாமா முள்ளில் இறாலைக் கோத்து வீசிவிட்டு, கழியைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து நின்றார்.

திட்டப்படி அவரை நகர்த்துவது என் மனைவியின் பொறுப்பு. காரருகே நின்று, "அப்பா, இந்த நீரேற்றம், வத்தம் எல்லாம் எப்படிக் கணக்கு போடறாங்க?" என்று கேட்டாள். [நல்ல கேள்விதானே?] அளவுக்கு மீறி நல்ல கேள்வி. மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டார்.

நான் நரம்பை இழுத்தேன். மச்சினன் துணி போர்த்திய பக்கெட்டிலிருந்து மீனைத் தூக்கிக் கொடுத்தான். முதுகுத் துடுப்பில் இருந்த முள் என் உள்ளங்கையில் ஏறியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டில் முள்ளைக் கோத்துத் தண்ணீரில் விட்டேன். [உங்க உதட்டிலயா மீன் உதட்டிலயா, தெளிவா எழுதுங்க.] மீன் உதட்டில்.

இனி அவர் வர வேண்டியதுதான் பாக்கி. அவர் வரவில்லை. பாடம் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கார் கண்ணாடித் தூசியில் விரலால் வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே தக்கை பேய் பிடித்தது போல் முங்கி எழுந்தது. கழி கம்பியில் தடதடவென்று ஆடியது. கூப்பிடலாம்தான். ஆனால் பாடம் நடக்கும்போது குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது. மீன் மாட்டிய விஷயமானாலும் கையை உயர்த்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மச்சினன் நிஜமாகவே கையை உயர்த்தினான்.

"என்ன?"

"அப்பா, தக்கை."

ஓடி வந்தார். அந்த ஓட்டத்தை நாங்கள் ஒரு வருடமாகப் பார்த்ததில்லை. கை தாமதமாகத்தான் பிடித்தது. அதனால் என்ன, இந்த மீன் எங்கேயும் போகாதே. சுற்றினார், மூச்சு வாங்கினார், சுற்றினார். "ஏய், இங்க பாரு! இங்க வந்து பாரு!" என்று அத்தையைக் கூப்பிட்டார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து எழுதிக்கொடுங்கள்.

மீன் பலகைக்கு வந்தது. மாமா குனிந்து பார்த்தார்.

6

இங்கே மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

அ. மாமா கவனிக்கவில்லை. மகிழ்ந்தார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். (ஒரு கணக்கு வாத்தியாரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.)

ஆ. மாமா கோபத்தில் கழியை முறித்து எறிந்தார். [எங்கப்பா பென்சிலைக்கூட முறிச்சதில்ல.]

இ. அப்போது வானத்தில் ஒரு வெண்பறவை... (வேண்டாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

7

நடந்தது இதுதான். "கெண்டை" என்றார். பிறகு, "ஏரிக் கெண்டை. உப்புத் தண்ணியில" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நாங்கள் நால்வரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் உள்ளங்கையில் ரத்தம் இருந்ததைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதையும் பார்த்தார்.

"யாரோட வேலை?"

"நான்தான்" என்றார் அத்தை. "நான் சொல்லித்தான் செஞ்சாங்க. நீங்க தூண்டிலை விட்டுடக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, மீனின் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முதல்ல இதுக்கு நல்ல தண்ணி வேணும். செத்துடும்."

நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த கேன் தண்ணீர் முழுவதும் பக்கெட்டுக்குள் போனது. வீட்டுக்குப் போகிற சாலையை விட்டு ஏரிக்குத் திரும்பினோம். தொண்டை வறண்ட ஐந்து பேர், வசதியாக ஒரு மீன். பக்கெட்டை மாமா இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்திருந்தார். நான் முதலில் சொன்ன மௌனம் இதுதான்.

ஏரியில் இறங்கி, பக்கெட்டைச் சாய்த்தார். கெண்டை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. கரையேறி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே அத்தையிடம் சொன்னார்:

"காப்பியடிச்ச பேப்பருக்கு மார்க் கிடையாது. அதுக்காக ஃபெயிலுன்னும் சொல்லிட முடியாது. தேர்வு ரத்து, அவ்வளவுதான். வர்ற சனிக்கிழமை மறுதேர்வு."

அத்தை அங்கேயே கரையில் உட்கார்ந்து அழுதார். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் காரைப் பார்க்கப் போவது போல் போய்விட்டோம்.

8

இங்கே முடித்திருக்கலாம். [முடிச்சிருக்கலாம்.] ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. விடிந்தால் மறுதேர்வு. மத்தியானம் அத்தை போன் செய்தார்.

"மாப்பிள்ளை, இந்தத் தடவை சரியான மீனாப் பார்த்து வாங்கிடலாமா?"

"அத்தை!"

"கோவப்படாதீங்க. மறுதேர்வுலயும் மாட்டலைன்னா என்ன பண்றது? அதுக்கு மேல அவர் தேர்வு வைக்க மாட்டார். எனக்குத் தெரியும்." முடியாது என்றேன். "சரி, வாங்க வேணாம். நீங்க எழுதறீங்களாமே, பொண்ணு சொன்னா. அதுலயாவது அவருக்கு ஒண்ணு மாட்ட வைங்க."

எவ்வளவு சுலபம்! பம்ப் வேண்டாம், பக்கெட் வேண்டாம், கையில் முள் ஏறாது. ஒரு வரி போதும். மாமியார் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றைச் செய்து கொடுக்க முடிகிற மருமகன்கள் உலகத்தில் எத்தனை பேர்? பேனாவை எடுத்தேன்.

"சனிக்கிழமை. ஏரியில் காற்றே இல்லை. தக்கை ஒரு முறை அசைந்தது. பிறகு முங்கியது. மாமா கழியைச் சுண்டி..."

முடியவில்லை. பலகையில் குனிந்து பார்த்தாரே, அந்தப் பார்வை குறுக்கே வந்துவிட்டது. இந்த வரியை முடித்தால் நான் மறுபடியும் அவர் முள்ளில் மீனைக் கோக்கிறேன். அவர் கண்டுபிடித்துவிடுவார். படித்து முடிக்கக்கூட வேண்டாம், முதல் பத்தியின் நடையிலேயே பிடித்துவிடுவார்.

மாட்டவில்லை என்று எழுதவும் மனசு வரவில்லை. [எழுதிடாதீங்க. ப்ளீஸ்.]

ஆகவே அந்த வரி அப்படியே பாதியில் நிற்கட்டும். அத்தை, என்னை மன்னித்துவிடுங்கள். வாசகரே, நீங்கள் நல்ல மனசுக்காரர், உங்களுக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். தயவுசெய்து நீங்களும் அந்த முள்ளில் எதையும் கோத்துவிடாதீர்கள். பேசாமல் கரையில் வந்து எங்களோடு நில்லுங்கள். அவர் தூண்டிலைப் போட்டிருக்கிறார்.