தவக்காலத்தில் ஒரு கோழித்துண்டு

1

இந்தக் கதை ஒரு கோழித்துண்டிலிருந்து பிறந்தது. சுண்டுவிரல் நகமளவு. பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில், எவர்சில்வர் தட்டில், கொஞ்சம் எச்சிலோடு கிடந்தது. இதைவிட உயர்ந்த இடங்களில் பிறந்த கதைகள் உண்டு. அவை வேண்டுமென்பவர்கள் இப்போதே போய்விடலாம்.

முதல் தொடக்கம்: "காரிமங்கலத்தில் சந்தை கூடும் நாளொன்றில், கலைவாணனின் மனைவி அன்பரசிக்கு முதன்முதலாக இட்லி நெஞ்சில்..."

அடித்துவிட்டேன். சந்தைக்கும் உணவுக்குழாய்க்கும் தொடர்பில்லை. மண்வாசனைக்காகச் சேர்த்தது.

இரண்டாம் தொடக்கம்: "மரணம் என்பது..."

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது: அன்பரசிக்குச் சோறு இறங்கவில்லை.

இதுவே இருக்கட்டும்.

2

கலைவாணனுக்கு வயது முப்பத்தொன்று. விலங்கியல் பட்டதாரி. தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். உணவுக்குழாயைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைவான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். (நானும் விலங்கியல்தான். அவனுக்கு வேறு பாடம் கொடுக்கச் சோம்பல். இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.)

ஜனவரியில் ஒருநாள் அன்பரசி நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஏங்க, சோறு இங்கியே நிக்குதுங்க."

"தண்ணி குடி."

"குடிச்சாலும் மெதுவாத்தான் எறங்குது."

"அப்ப மெதுவா சாப்புடு. ஆரு தொரத்தறாங்க?"

உணவுக்குழாய் நிபுணரின் முதல் ஆலோசனை இத்துடன் முடிந்தது. பிறகு கேஸ் மாத்திரை. பிறகு சீரகத் தண்ணீர். இரண்டு மாதம் ஓடியது.

3

எங்கள் பக்கம் சோறு இறங்கவில்லை என்றால் தொக்கம் எடுப்பார்கள். என்றோ தின்ற ஒன்று உள்ளே சிக்கி நிற்கிறதாம். எடுக்கிறவர் கழுத்தின்மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, அதை வெளியே துப்பிக் காட்டுவார். மயக்கமருந்து இல்லை, கத்தி இல்லை, இரண்டே நிமிடம். மார்பு அறுவை மருத்துவம் இன்னும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

[பென்னாகரம் பக்கம் தொக்கம் எடுக்கும் நஞ்சம்மாளைச் சூனியக்காரிபோல அரைப்பக்கம் வருணித்திருந்தேன். நீக்கிவிட்டேன். நைட்டிமேல் துண்டு போட்டிருந்த சாதாரண மனுஷி. அவளுக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு டாக்டரிடம்தான் போகிறாள்.]

நஞ்சம்மாள் அன்பரசியின் கழுத்தில் குழலை வைத்து உறிஞ்சினாள். தட்டில் துப்பினாள்.

"பாருங்க சார். கோழி. நல்லா வெந்த கோழி."

"எப்பத் தின்னதுங்க?" என்றான் கலைவாணன்.

"பத்து நாளு இருக்கும். போங்க, இனிமே கல்லத் தின்னாலும் எறங்கும்."

அது தவக்காலத்தின் மூன்றாவது வாரம். ஈஸ்டர் வரும்வரை கலைவாணன் வீட்டில் கவிச்சி ஏறாது.

விலங்கியல் பட்டதாரி சிரித்திருக்க வேண்டும். குழல் கழுத்துக்கு வெளியே இருக்கிறது, உள்ளே இருக்கும் கோழி தோலைத் தாண்டி எப்படி வரும் என்று கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வேறொன்று வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்.

"தவக்காலத்துல கோழி எங்க தின்ன?"

"நான் எங்கங்க தின்னேன்?"

"அப்ப தட்டுல இருந்தது என்னா?"

"அது அந்தம்மா வாய்ல இருந்து வந்துச்சுங்க. என் வாய்ல இருந்து வரல."

(இந்தக் கதையில் உடற்கூறு தெரிந்த ஒரே ஆள் அவள்தான். படித்தது பி.காம்.)

"தின்னா தின்னேன்னு சொல்லு. நான் என்ன அடிக்கவா போறேன்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ஒரு வாரம் கோழி வழக்கு நடந்தது. ஒருத்தியின் நெஞ்சில் எது நிற்கிறது என்பதைவிட, அவள் யார் வீட்டில் எதைத் தின்றாள் என்பது சுவையான விசாரணை. என்னாலும் அதைப்பற்றி நாலு பக்கம் எழுத முடியும். 

4

அதற்குப் பிறகு சோறு நிற்கிறதென்று அன்பரசி சொல்லவே இல்லை. தொக்கம் போய்விட்டது என்று கலைவாணன் மகிழ்ந்தான். அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். கஞ்சியை வடிகட்டிக் குடித்தாள் என்பது பின்னால் தெரிந்தது. ஈஸ்டர் விருந்தில் அவள் இலையில் கறி அப்படியே இருந்தது.

"ரோசக்காரி" என்றான் எல்லோருக்கும் கேட்க. சிரித்தார்கள்.

மே கடைசியில் குளியலறையில் விழுந்தாள். ஐம்பத்திரண்டு கிலோ, முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

(கூட இருக்கும் கணவன் இதைக் கவனிக்காமல் இருப்பானா, நம்பும்படி இல்லையே என்றார் வரைவைப் படித்த நண்பர். உங்கள் மனைவி இன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். போனை எடுத்தார்.)

5

சேலத்தில் மார்பு அறுவை மருத்துவர் வாய்வழியே கேமரா விட்டுப் பார்த்தார். கொஞ்சம் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மார்பை ஸ்கேன் எடுத்தார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். தாளில் படம் போட்டு விளக்கினார். கலைவாணன் வரைவதைவிட மோசமான படம்.

"இந்தக் குழாய எடுத்துடுவோம். வயித்த மேல இழுத்து, நெஞ்சுக்குள்ள கொண்டாந்து, மிச்சக் குழாயோட சேத்துத் தச்சிடுவோம்."

"அப்ப இனிமே எனக்கு நெஞ்சுலதான் பசிக்குமா டாக்டர்?" என்றாள் அன்பரசி.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"உடம்புல சத்தே இல்லியேம்மா. தையல் பிடிக்கணுமே. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அவள் கலைவாணனைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க அசால்ட்டா இருந்துட்டேன்."

சில வாரம் மருந்து, குழாய்வழி உணவு. பிறகு ஆறு மணிநேர அறுவை. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஏழாம் நாள் தையல் கசிந்தது. பதினோராம் நாள்

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது.]

6

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அன்பரசியின் அப்பா சவுரியப்பன் காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் மருமகனோடு நின்றார்.

"மாப்ள, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா ஏன் முன்னாடியே சொல்லல? ஒரு முள்ளு குத்துனா ஊரையே கூட்டுவாளே அவ."

முடிவு அ: கலைவாணன் கோழியைப் பற்றிச் சொல்கிறான். சவுரியப்பன் அறைகிறார். வாசகர் மனம் குளிரும்.

முடிவு ஆ: சொல்கிறான். சவுரியப்பன் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசு நிச்சயம்.

முடிவு இ:

"பயந்துட்டா மாமா."

"எங்கூட்டுப் புள்ளையா?" என்றார் சவுரியப்பன். அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். அரூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

நடந்தது இ.

7

சவுரியப்பன் படிக்கிறவர். மாப்பிள்ளையின் பெயர் அச்சில் வந்தால் கடையில் சொல்லிவைத்து இரண்டு பிரதி வாங்குவார், தனக்கொன்று, மகளுக்கொன்று. இப்போதும் இரண்டு வாங்குகிறார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவரை அது ஒரு வரிகூடத் தாமதப்படுத்தாது.

கதையை அனுப்பாமல் வைத்திருந்தால் முடிவு இ அப்படியே நிற்கும். வயதானவர், அவரோடு போய்விடும். அனுப்பினால் அ, அல்லது ஆ. இரண்டில் எதுவென்று என்னால் எழுத முடியாது. அது அவருடைய கை.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அனுப்பிவிட்டேன். அவரும் வாங்கியிருப்பார். கண்ணாடி போட்டு, வரிக்கு வரி விரல் வைத்து மெதுவாகப் படிப்பவர். உங்களுக்கு முடிந்துவிட்டது. அவர் இன்னும் நஞ்சம்மாள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள் என்று வையுங்கள். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்குவீர்களா, அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுப்பீர்களா?